பிஎச்பி மொழியின் அடிப்படைச் செயற்குறிகள்: ஒவ்வொரு குறியும் எதைக் கேட்கிறது, எதைத் தருகிறது

இணையதளப் படிவம் ஒன்றில் விலை என்னும் கட்டத்தில் ஒருவர் 250 என்று தட்டச்சு செய்து அனுப்பினால், வழங்கிக் கணினியைச் சென்றடைவது இருநூற்றைம்பது என்னும் எண் அன்று. 2, 5, 0 ஆகிய மூன்று எழுத்துகள் அடுத்தடுத்து நிற்கும் ஒரு சரமே. உலாவி அனுப்பும் படிவத் தரவு எல்லாம் எழுத்துகளாகவே வந்து சேர்கிறது. வந்து சேர்ந்த அந்த எழுத்துகளைக் கூட்டவும் பெருக்கவும் ஒப்பிடவும் வேண்டியிருப்பதால், அவற்றை எந்த இடத்தில் எண்ணாகக் கொள்வது, எந்த இடத்தில் எழுத்தாகவே வைத்துக்கொள்வது என்று யாரேனும் முடிவு செய்தாக வேண்டும். வழங்கிக் கணினியில் இயங்கும் நிரல்களை எழுதப் பயன்படும் பிஎச்பி மொழியில் அந்த முடிவைப் பெரும்பாலும் எடுப்பவை செயற்குறிகள். இதை மனத்தில் இருத்திக்கொண்டு கற்கத் தொடங்கினால், பிஎச்பியின் விந்தைகள் என்று பலரும் குறைப்பட்டுக்கொள்ளும் நடத்தைகளில் பெரும்பகுதி விந்தையாகத் தோன்றாது.

ராஸ்மஸ் லெர்டோர்ஃப் என்பவர் 1994இல் தம் இணையப் பக்கத்துக்கு வருவோரைக் கணக்கெடுக்க எழுதிய சில சிறு நிரல்களிலிருந்து பிஎச்பி தோன்றியது. 1995 ஜூன் மாதத்தில் அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. 1998இல் ஆண்டி குட்மன்ஸ், சீவ் சுராஸ்கி ஆகியோரின் உழைப்பில் புதிதாக எழுதப்பட்ட மூன்றாம் பதிப்பு வெளியானது. இணையதளங்களை உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் இந்த மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளும் அப்படியே. தொடக்கம் முதலே இணையப் படிவங்களோடும் பக்கங்களோடும் உறவாடிய மொழி என்பதால், சரமாக வந்ததை வேண்டிய இடத்தில் எண்ணாக மாற்றிக்கொள்ளும் பழக்கம் அதன் இயல்பிலேயே ஊறியிருக்கிறது.

செயற்குறி என்பது ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்புகளை எடுத்துக்கொண்டு, அவற்றின்மீது ஒரு செயலைச் செய்து, புதியதொரு மதிப்பைத் திருப்பித் தரும் குறியாகும். அது எடுத்துக்கொள்ளும் மதிப்புகளுக்குச் செயலேற்பிகள் என்று பெயர். 7 + 2 என்பதில் கூட்டல் குறி செயற்குறி. 7, 2 இரண்டும் செயலேற்பிகள். 9 என்பது அது திருப்பித் தரும் மதிப்பு. எந்தக் குறியைக் கண்டாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகுமாறு தொடக்கநிலையாளர்களை நான் வற்புறுத்துவேன். இந்தக் குறி தன் செயலேற்பிகளை எவ்வகை மதிப்புகளாகக் கருதும்? செயலின் முடிவில் எவ்வகை மதிப்பைத் திருப்பித் தரும்? குறிகளின் பெயர்ப்பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இந்த இரண்டு கேள்விகளுக்கான விடைகளை அறிந்திருப்பது பன்மடங்கு பயன் தரும்.

எடுத்துக்காட்டுகளைப் பற்றி ஒரு சொல். பிஎச்பியில் மாறிகளின், அதாவது மதிப்புகளை வைத்திருக்கும் பெயரிட்ட இடங்களின், பெயர்கள் டாலர் குறியோடு தொடங்கும். அந்தப் பெயர்களைத் தமிழ் எழுத்துகளிலும் எழுதலாம், மொழி அதை ஏற்றுக்கொள்ளும். ஆகவே கீழே உள்ள வரிகள் யாவும் உண்மையாகவே இயங்கக்கூடியவை.

$விலை = 250;
$எண்ணிக்கை = 3;
$தொகை = $விலை * $எண்ணிக்கை;

இந்த மூன்று வரிகளிலும் இடம்பெறும் ஒற்றைச் சமக்குறியே முதலில் புரிந்துகொள்ள வேண்டிய செயற்குறி. கணிதப் பாடத்தில் சமக்குறி என்பது இருபுறமும் சமம் என்று அறிவிக்கும் கூற்று. இங்கோ அது ஒரு கட்டளை: வலப்புறம் உள்ளதைக் கணித்து, கிடைத்த மதிப்பை இடப்புறம் உள்ள மாறியில் இருத்து என்பது அதன் பொருள். அதனால்தான் கணிதத்தில் பொருளற்றதாகிவிடும் $எண்ணிக்கை = $எண்ணிக்கை + 1 என்னும் வரி நிரலில் முற்றிலும் இயல்பானது; பழைய மதிப்போடு ஒன்றைக் கூட்டி மீண்டும் அதே மாறியில் வைக்கச் சொல்கிறது. இதையே $எண்ணிக்கை += 1 என்று சுருக்கியும் எழுதலாம். கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகியவற்றுக்கும் இப்படிச் சமக்குறியோடு ஒட்டிய சுருக்க வடிவங்கள் உள்ளன.

மதிப்பிருத்தும் இந்தக் குறியும் ஒரு மதிப்பைத் திருப்பித் தருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எந்த மதிப்பை மாறியில் இருத்தியதோ அதையே அது திருப்பித் தரும். $அ = $ஆ = 10 என்று ஒரே வரியில் இரண்டு மாறிகளுக்கு மதிப்புக் கொடுக்க முடிவது இதனால்தான். பெரும் பிழை ஒன்றுக்கு வழி திறப்பதும் இதே பண்புதான். மாணவர் ஒருவர் நூற்றுக்கு நூறு பெற்றாரா என்று சோதிக்கும் நிபந்தனைக்குள் $மதிப்பெண் == 100 என்று எழுதுவதற்குப் பதில் $மதிப்பெண் = 100 என்று எழுதிவிட்டால், மொழி அதைப் பிழையென்று சொல்லாது. மாறியில் 100 இருத்தப்படும். 100 என்னும் மதிப்பு நிபந்தனைக்குத் திரும்பி வரும். பூஜ்யம் அல்லாத எண் மெய் என்று கொள்ளப்படுவதால் நிபந்தனை எப்போதும் நிறைவேறும். எல்லா மாணவர்களும் முழு மதிப்பெண் பெற்றவர்களாகிவிடுவார்கள். அவர்களின் உண்மையான மதிப்பெண்ணும் அந்த மாறியிலிருந்து அழிந்துபோயிருக்கும்.

எண்கணிதக் குறிகளில் கூட்டல், கழித்தல், பெருக்கல் ஆகியவற்றை விளக்க வேண்டியதில்லை. பெருக்கலுக்கு உடுக்குறியும் வகுத்தலுக்குச் சாய்கோடும் பயன்படுகின்றன என்பது போதும். வகுத்தல் சற்று நின்று பார்க்கத் தக்கது. 6 / 2 என்பது 3 என்னும் முழு எண்ணைத் தருகிறது; 7 / 2 என்பது 3.5 என்னும் தசம எண்ணைத் தருகிறது. அதாவது இரண்டு முழு எண்களை வகுத்தால் விடையும் முழு எண்ணாகத்தான் இருக்கும் என்று பிஎச்பியில் எதிர்பார்க்கக் கூடாது. சீ மொழியை முதலில் கற்றுவிட்டு வருபவர்கள் 7 / 2 என்பதற்கு 3 என்னும் விடையை எதிர்பார்த்து ஏமாறுவது இந்த இடத்தில்தான். பூஜ்யத்தால் வகுத்தால் எட்டாம் பதிப்பில் நிரல் பிழையை எறிந்து நிற்கும். அதற்கு முந்தைய பதிப்புகளில் எச்சரிக்கை மட்டுமே கிடைத்தது.

விழுக்காட்டுக் குறிக்கும் விழுக்காட்டுக் கணக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 47 % 10 என்பது 47ஐப் பத்தால் வகுத்தபின் எஞ்சும் மீதியாகிய 7ஐத் தருகிறது. பட்டியல் ஒன்றில் ஒன்றுவிட்டு ஒன்று வரிகளுக்கு வேறு நிறம் கொடுக்க வேண்டுமானால், வரிசை எண்ணை இரண்டால் வகுத்து மீதி பூஜ்யமா என்று பார்ப்பதே வழக்கம். இந்தக் குறி தன் செயலேற்பிகள் இரண்டையும் முழு எண்களாகவே கருதும். திருப்பித் தருவதும் முழு எண்தான். எதிர்மறை எண்களில் மீதியின் குறி வகுபடும் எண்ணின் குறியையே பின்பற்றும் என்பதால், -7 % 3 என்பதன் விடை -1. நாள்காட்டிக் கணக்குகளிலும் கிழமை கண்டுபிடிக்கும் கணக்குகளிலும் இதை மறந்தால் விடை தவறும். அடுக்கைக் காண்பதற்கான இரட்டை உடுக்குறி 2014இல் வெளிவந்த 5.6 பதிப்பிலிருந்து உள்ளது. 2 ** 10 என்பதன் விடை 1024.

இனி இம்மொழியின் இயல்பு மிகத் தெளிவாக வெளிப்படும் இடத்துக்கு வருவோம். கீழுள்ள இரண்டு வரிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

$கூட்டல் = "5" + "3";
$இணைப்பு = "5" . "3";

முதல் வரி 8 என்னும் முழு எண்ணைத் தருகிறது. இரண்டாம் வரி "53" என்னும் சரத்தைத் தருகிறது. இரண்டு வரிகளிலும் செயலேற்பிகள் ஒன்றேதான், இரண்டுமே சரங்கள். மாறியது குறி மட்டுமே. கூட்டல் குறி எண்களைக் கேட்கிறது. எனவே சரங்கள் எண்களாக மாற்றப்பட்டன. புள்ளிக் குறி சரங்களைக் கேட்கிறது. எனவே சரங்கள் சரங்களாகவே நின்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. செயலேற்பிகள் எண்களாக இருந்தாலும் புள்ளிக் குறி அவற்றைச் சரங்களாக்கிவிடும்: 5 . 3 என்று இடைவெளிவிட்டு எழுதினாலும் கிடைப்பது "53" என்னும் சரமே. இடைவெளி இல்லாமல் 5.3 என்று எழுதினால் அது ஐந்து புள்ளி மூன்று என்னும் தசம எண்ணாகிவிடும். ஆதலால் இணைப்புக் குறியின் இருபுறமும் இடைவெளி விடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் கூட்டலுக்கும் இணைப்புக்கும் ஒரே கூட்டல் குறிதான். அங்கே இருபுறமும் இருக்கும் மதிப்புகளின் வகையைப் பார்த்தபின்தான் என்ன நடக்கும் என்று சொல்ல முடியும். "5" + 3 என்பது அங்கே "53" ஆகிவிடும். பிஎச்பி இரண்டு செயல்களுக்கும் தனித்தனிக் குறிகளை ஒதுக்கியிருப்பது, எழுத்துகளாகவே தரவு வந்து சேரும் சூழலுக்கு மிகப் பொருத்தமான முடிவு என்பது என் கருத்து. வரியைப் படிப்பவர் மாறிகளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே, எழுதியவர் கூட்ட நினைத்தாரா ஒட்ட நினைத்தாரா என்று அறிந்துகொள்ளலாம். கூட்டல் குறிக்கு ஒரு விதிவிலக்கு உண்டு: இருபுறமும் அணிகள், அதாவது மதிப்புகளின் வரிசைகள், இருந்தால் அது அவற்றை ஒன்றுசேர்க்கும், ஒரே இடம் இரண்டு அணிகளிலும் நிரம்பியிருந்தால் இடப்புற அணியின் மதிப்பே நிலைக்கும். [1, 2] + [5, 6, 7] என்பதன் விடை [1, 2, 7] ஆவது இதனால்தான்.

சரத்தின் தொடக்கத்தில் மட்டும் எண் இருந்தால் என்ன ஆகும்? "5 பழங்கள்" + 3 என்பது 8 என்றே விடை தரும். ஆனால் எட்டாம் பதிப்பில் அதனுடன் ஓர் எச்சரிக்கையும் வரும். அந்த எச்சரிக்கையை அடக்கிவிட்டுத் தொடர்வது நல்ல பழக்கமன்று. படிவத்தில் எண் மட்டுமே வர வேண்டிய இடத்தில் வேறு எழுத்துகளும் நுழைந்திருக்கின்றன என்பதற்கு அதுவே முதல் அறிகுறி.

ஒப்பீட்டுக் குறிகள் அனைத்தும், ஒன்றைத் தவிர, மெய் அல்லது பொய் என்னும் இரண்டு மதிப்புகளில் ஒன்றையே திருப்பித் தருகின்றன. பெரிது, சிறிது, பெரிது அல்லது சமம், சிறிது அல்லது சமம் ஆகியவை கணிதத்தில் கண்டவைதாம். சமமா என்று கேட்பதற்குத்தான் இரண்டு குறிகள் உள்ளன. அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டில் தொடக்கநிலையாளர்கள் அதிக நேரம் செலவிடுவது தகும். இரட்டைச் சமக்குறி இருபுறமும் உள்ள மதிப்புகளை, தேவைப்பட்டால் வகை மாற்றி, அதன்பின் ஒப்பிடுகிறது. மும்மைச் சமக்குறி வகையும் மதிப்பும் இரண்டுமே ஒன்றாக இருந்தால்தான் மெய் என்கிறது. 250 == "250" என்பது மெய்; 250 === "250" என்பது பொய்.

இந்த நெகிழ்ச்சி உதவியாகத் தோன்றலாம். ஆனால் இருபுறமும் சரங்களாகவே இருந்தாலும், அவை எண்ணைப் போன்ற தோற்றம் கொண்டிருந்தால், இரட்டைச் சமக்குறி அவற்றை எண்களாக மாற்றித்தான் ஒப்பிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கைபேசிக்கு அனுப்பிய ஒருமுறைக் கடவுச்சொல் "004512" என்று வைத்துக்கொள்வோம். பயனர் படிவத்தில் "4512" என்று மட்டும் தட்டச்சு செய்கிறார்.

$அனுப்பியது = "004512";
$வந்தது = "4512";
$சரியா = $அனுப்பியது == $வந்தது;

இங்கே $சரியா என்னும் மாறியில் மெய் என்னும் மதிப்பே இருக்கும். ஆறு எழுத்துகள் கொண்ட ஒரு சரமும் நான்கு எழுத்துகள் கொண்ட ஒரு சரமும் சமம் என்று மொழி சொல்கிறது. எண்ணாகப் பார்த்தால் இரண்டும் 4512 என்பதால் அதன் கணக்கில் அது சரியே. ஆனால் கடவுச்சொல் என்பது எண் அன்று. தொலைபேசி எண், அஞ்சல் குறியீட்டு எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைப் பேச்சில் எண் என்று அழைத்தாலும் அவற்றை யாரும் கூட்டுவதோ பெருக்குவதோ இல்லை. அவை எழுத்துக் கோவைகள். அவற்றை மும்மைச் சமக்குறியால்தான் ஒப்பிட வேண்டும். பாதுகாப்பு உலகில் இதன் விளைவு இன்னும் கடுமையானது. பூஜ்யத்தில் தொடங்கி, அடுத்துப் பத்தின் அடுக்கைக் குறிக்கும் எழுத்தும் அதன்பின் இலக்கங்கள் மட்டுமே வருமாறும் அமைந்த இரண்டு வெவ்வேறு ஹேஷ் சரங்களை (கடவுச்சொல்லை நேரடியாக வைக்காமல் அதிலிருந்து கணித்துச் சேமிக்கும் சரங்களை) இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால், இரண்டும் பூஜ்யம் என்று கணக்கிடப்பட்டுச் சமமாகிவிடும். கடவுச்சொல் சரிபார்ப்புக்கென்று மொழியிலேயே தனிச் செயற்கூறுகள் (பெயர் சொல்லி அழைத்துப் பயன்படுத்தும் நிரல் பகுதிகள்) இருக்கின்றன. அங்கே ஒப்பீட்டுக் குறிகளை நேரடியாகப் பயன்படுத்தவே கூடாது.

2020 நவம்பரில் வெளியான எட்டாம் பதிப்பு இந்த ஒப்பீட்டில் ஒரு முக்கியமான திருத்தத்தைச் செய்தது. 0 == "சென்னை" என்பது ஏழாம் பதிப்பு வரை மெய் என்றே வந்தது; எண்ணாக மாற்ற முடியாத சரம் பூஜ்யமாகக் கொள்ளப்பட்டதே காரணம். எட்டாம் பதிப்பில் எண் சரமாக மாற்றப்பட்டு ஒப்பிடப்படுவதால் விடை பொய். இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்கள் பலவற்றில் பழைய விடையே இருக்கும் என்பதால், படிக்கும் பாடம் எந்தப் பதிப்பைப் பற்றியது என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஐயம் எழும் இடங்களில் எல்லாம் வார் டம்ப் (var_dump) என்னும் செயற்கூற்றிடம் கோவையை, அதாவது குறிகளும் மதிப்புகளும் சேர்ந்த தொடரை, கொடுத்துப் பாருங்கள். அது மதிப்பை மட்டும் காட்டாமல் அதன் வகையையும் சேர்த்துக் காட்டும்.

தசம எண்களின் ஒப்பீட்டுக்கு வேறு வகையான எச்சரிக்கை தேவை. 0.1 + 0.2 == 0.3 என்பது பொய். கணினி தசம எண்களை இரும முறையில் சேமிப்பதால் 0.1 என்பதை முழுத் துல்லியத்தோடு வைத்திருக்க இயலாது. கூட்டலின் உண்மையான விடை 0.30000000000000004 என்று அமைகிறது. வழக்கமான அமைப்பில் பிஎச்பி அதைத் திரையில் 0.3 என்று சுருக்கிக் காட்டுவதால், கண்ணுக்குச் சமமாகத் தெரியும் இரண்டு எண்கள் ஏன் சமமில்லை என்று புரியாமல் திகைக்க நேரிடும். பணம் தொடர்பான கணக்குகளில் 250.50 ரூபாய் என்று வைக்காமல் 25050 காசு என்று முழு எண்ணாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது.

மெய் பொய் தராத ஒப்பீட்டுக் குறி ஒன்று உண்டு என்றேன். விண்கலக் குறி என்று செல்லமாக அழைக்கப்படும் <=> என்பதே அது. இடப்புறம் சிறிதானால் -1, சமமானால் 0, பெரிதானால் 1 என்று முழு எண்ணைத் தரும். பட்டியல்களை வரிசைப்படுத்தும்போது இதன் தேவை தெரியவரும்.

அடிக்கடி பயன்படும் தருக்கக் குறிகள் மூன்று: இரண்டும் மெய்யா என்று கேட்கும் &&, ஏதேனும் ஒன்று மெய்யா என்று கேட்கும் ||, மெய்யைப் பொய்யாகவும் பொய்யை மெய்யாகவும் திருப்பும் ! ஆகியவை. கிரிகோரியன் நாள்காட்டியில் ஓர் ஆண்டு நெட்டாண்டா (லீப் ஆண்டா) என்று அறியும் விதி இவற்றை விளக்க ஏற்றது. நான்கால் வகுபட வேண்டும், ஆனால் நூறால் வகுபடக் கூடாது. நானூறால் வகுபட்டால் மட்டும் நூறால் வகுபட்டாலும் ஏற்கலாம். 1900 நெட்டாண்டு அன்று, 2000 நெட்டாண்டு. கீழே வரும் !== என்பது மும்மைச் சமக்குறியின் எதிர்மறை.

$நெட்டாண்டா = ($ஆண்டு % 4 === 0 && $ஆண்டு % 100 !== 0) || $ஆண்டு % 400 === 0;

$ஆண்டு என்பது படிவத்திலிருந்து "2024" என்னும் சரமாக வந்திருந்தாலும் இந்த வரி சரியாகவே இயங்கும். மும்மைச் சமக்குறி வகையையும் பார்க்குமே என்ற ஐயம் எழலாம். ஆனால் அது ஒப்பிடுவது $ஆண்டு என்னும் சரத்தை அன்று; மீதிக் குறி திருப்பித் தந்த மதிப்பை. மீதிக் குறி எப்போதும் முழு எண்ணையே தரும் என்று முன்பே கண்டோம்.

&& குறிக்கு இடப்புறம் பொய் என்றாகிவிட்டால், வலப்புறத்தை மொழி திரும்பியும் பார்க்காது. இதைக் காவலாகப் பயன்படுத்தலாம்: $எண்ணிக்கை > 0 && $தொகை / $எண்ணிக்கை > 100 என்னும் நிபந்தனையில் எண்ணிக்கை பூஜ்யமானால் வகுத்தல் நடக்கவே நடக்காது. இதே இடத்தில் $எண்ணிக்கை !== 0 என்று எழுதினால் என்ன என்று எண்ணிப் பாருங்கள். படிவத்திலிருந்து "0" என்னும் சரம் வந்திருந்தால், சரமும் முழு எண்ணும் வேறு வகை என்பதால் !== அதை மெய் என்று சொல்லிவிடும்; காவல் தாண்டிப் போய், பூஜ்யத்தால் வகுக்கும் பிழையில் நிரல் நின்றுவிடும். மும்மைச் சமக்குறியையும் அதன் எதிர்மறையையும் எங்கும் பயன்படுத்துக என்னும் அறிவுரையை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் ஒப்பிடும் முன் மதிப்பு எந்த வகையில் இருக்கிறது என்பதை உறுதி செய்துகொண்டால்தான் அந்த அறிவுரை பயன் தரும்.

தருக்கக் குறிகள் பிஎச்பியில் மெய் அல்லது பொய்யையே திருப்பித் தரும். ஜாவாஸ்கிரிப்டில் பெயர் இல்லாவிட்டால் "விருந்தினர்" என்று வைத்துக்கொள்ள || குறியைப் பயன்படுத்துவது வழக்கம். இங்கே அப்படிச் செய்தால் பெயருக்குப் பதில் மெய் என்னும் மதிப்புத்தான் கிடைக்கும். அந்தத் தேவைக்கு வேறு இரண்டு குறிகள் உள்ளன. 2015இல் வெளியான ஏழாம் பதிப்பில் வந்த ?? என்னும் குறி, இடப்புற மாறி இல்லாமலோ, நல் எனப்படும் வெறுமையாகவோ இருந்தால் மட்டும் வலப்புற மதிப்பைத் தரும். ?: என்னும் குறியோ இடப்புற மதிப்பு பொய்யாகக் கொள்ளத்தக்கதாக இருந்தாலே வலப்புறத்துக்குப் போய்விடும். பிஎச்பியில் வெற்றுச் சரமும் பூஜ்யமும் "0" என்னும் சரமும் பொய்யாகவே கொள்ளப்படும் என்பதால், கடைக்காரர் தள்ளுபடி வேண்டாம் என்று எண்ணி "0" என்று நிரப்பியிருந்தால், $தள்ளுபடி ?: 10 என்னும் கோவை அவர் கேட்காத பத்து விழுக்காட்டுத் தள்ளுபடியைக் கொடுத்துவிடும். $தள்ளுபடி ?? 10 என்று எழுதியிருந்தால் அவர் நிரப்பிய "0" அப்படியே நிலைத்திருக்கும்.

மிகுப்புக் குறிக்கும் குறைப்புக் குறிக்கும் நீண்ட விளக்கம் தேவையில்லை. $அ++ என்பது பழைய மதிப்பைத் திருப்பித் தந்துவிட்டு மாறியை ஒன்று கூட்டும். ++$அ என்பது கூட்டியபின் புதிய மதிப்பைத் திருப்பித் தரும். தனி வரியாக எழுதும்போது இரண்டும் ஒன்றே. வேறொரு கோவைக்குள் புகுத்தி எழுதும்போதுதான் வேறுபாடு தெரியும். அப்படிப் புகுத்தாமல் இருப்பதே படிப்பவருக்குச் செய்யும் உதவி.

ஒரே கோவையில் பல குறிகள் சேர்ந்தால் எது முதலில் செயல்படும் என்பதற்கு முன்னுரிமை விதிகள் உள்ளன. பெருக்கலும் வகுத்தலும் கூட்டலுக்கு முன் நடக்கும் என்னும் பள்ளிக்கூட விதி இங்கும் செல்லும். மற்றவற்றில் கவனம் வேண்டும். -3 ** 2 என்பதன் விடை -9. அடுக்குக் குறி எதிர்மறைக் குறியைவிட வலியது. $விலை ?? 0 + 50 என்பது விலையோடு ஐம்பதைக் கூட்டாது. கூட்டல் முதலில் நடந்து, விலை இல்லாவிட்டால் ஐம்பது என்றே பொருள்படும். "மொத்தம்: " . $விலை + $கூலி என்னும் கோவை இன்னும் ஆழமான பாடம். ஏழாம் பதிப்பு வரை புள்ளிக்கும் கூட்டலுக்கும் ஒரே முன்னுரிமை என்பதால் இடமிருந்து வலமாகச் செயல்பட்டது: விலை 250, கூலி 50 என்றால், முதலில் "மொத்தம்: 250" என்னும் சரம் உருவாகி, அது எண்ணாக மாற்றப்படும்போது பூஜ்யமாகி, விடை வெறும் 50 என்று வந்தது. எட்டாம் பதிப்பில் கூட்டலுக்கு முன்னுரிமை கொடுக்கப்பட்டதால் "மொத்தம்: 300" என்று வருகிறது. முன்னுரிமை அட்டவணையை யாரும் முழுதாக நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. அடைப்புக்குறி இட்டு எழுதினால் எந்தப் பதிப்பிலும் ஒரே விடைதான்.

தமிழில் தரவுகளைக் கையாள்பவர்களுக்கு மட்டும் உரிய இரண்டு செய்திகள் மீதமுள்ளன. பொதுவான பாடங்களில் இவை இடம்பெறுவதில்லை. எண் அல்லாத சரங்களை ஒப்பிடும்போது பிஎச்பி அவற்றின் பைட்டுகளை, அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் சிறு அலகுகளை, மட்டுமே பார்க்கிறது. யுடிஎஃப்-8 என்னும் எழுத்துச் சேமிப்பு முறையில் தமிழின் ஒவ்வொரு யூனிக்கோடு குறியும் மூன்று பைட்டுகளைப் பிடிக்கும். "கொடி" என்னும் சொல்லில் கொ என்னும் எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ககரத்துக்குப் பின் ஒகரக் குறி என ஒரே குறியாகவோ, ககரத்துக்குப் பின் ஒற்றைக் கொம்பும் அதன்பின் காலும் என இரண்டு குறிகளாகவோ. முதல் வடிவில் சொல்லின் நீளம் 12 பைட்டுகள். இரண்டாம் வடிவில் 15. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரட்டைச் சமக்குறி, மும்மைச் சமக்குறி இரண்டுமே அவற்றைச் சமமில்லை என்றுதான் சொல்லும். மேலே நான் பயன்படுத்திய $தொகை என்னும் மாறிப் பெயருக்கும் இது பொருந்தும். ஓரிடத்தில் ஒரு வடிவிலும் வேறிடத்தில் மற்றொரு வடிவிலும் எழுதினால் அவை இரண்டு தனி மாறிகள். எனவே வெளியிலிருந்து வரும் தமிழ்ச் சரங்களை, பிஎச்பியின் பன்மொழி விரிவாக்கமான இன்டில் தரும் நார்மலைசர் என்னும் வகுப்பின் (ஆயத்த நிரல் தொகுப்பின்) வழியாக ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பின்னரே ஒப்பிட வேண்டும்.

மற்றொன்று வரிசைப்படுத்தல். "பழம்" < "பவளம்" என்பதற்கு மொழி மெய் என்று விடை தரும். யூனிக்கோடு அட்டவணையில் ழகரம் வகரத்துக்கு முன் அமைந்திருப்பதே காரணம். நம் அகரவரிசையில் வகரம்தான் முதலில் வரும். ஆகவே பவளத்துக்குப் பின்தான் பழம். "இறை", "இலை" ஆகியவற்றுக்கும் இதே கதி: யூனிக்கோட்டில் றகரம் லகரத்துக்கு முன் நிற்கிறது. சிறிது, பெரிது, விண்கலக் குறி ஆகிய எதைக் கொண்டு தமிழ்ப் பெயர்ப்பட்டியலை வரிசைப்படுத்தினாலும் அகராதி வரிசை கிடைக்காது. அதே இன்டில் விரிவாக்கத்தில் உள்ள கொலேட்டர் என்னும் வகுப்பைத் தமிழுக்கென அமைத்துக்கொண்டு, ஒப்பிடும் வேலையைக் குறியிடம் விடாமல் அதனிடம் ஒப்படைத்தால், பவளம் பழத்துக்கு முன்னும் இலை இறைக்கு முன்னும் வந்து நிற்கும்.